புரானோவிலிருந்து வந்த புலம்பல்

அன்புள்ள ஸ்டெல்லா,

முழங்கால் எப்படி இருக்கிறது? சின்னவனுக்கு வேலை கிடைத்ததா? இந்த இரண்டுக்கும் உடனே பதில் போடு. எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. மருமகள் சமையலறைப் பக்கமே விடுவதில்லை என்பதைத் தவிர.

போன சனிக்கிழமை மகன் வெனிஸிலிருந்து படகில் புரானோ தீவுக்கு அழைத்துப்போனான். முக்கால் மணி நேரப் பயணம். மீனவர் வீடுகள் ஒன்று மஞ்சள், அடுத்தது நீலம், அதற்கடுத்தது கருஞ்சிவப்பு. நம் தலைமையாசிரியை பார்த்திருந்தால் அன்றைக்கே எல்லாவற்றுக்கும் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லியிருப்பார். சான் மார்ட்டினோ தேவாலயத்தின் மணிக்கூண்டு, உன் அண்ணன் கட்டிய காம்பவுண்டுச் சுவர் மாதிரியே சாய்ந்து நிற்கிறது. அவரிடம் சொல்லாதே.

நான் எழுத உட்கார்ந்தது லேஸைப் பற்றி. உன் பெரியம்மா திண்டில் ஊசிகளைக் குத்தி, கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவாரே, அந்த வகை இல்லை. இங்கே ஒரு ஊசி, ஒரு நூல், அவ்வளவுதான். காகிதத்தில் வரைந்த பூவை இரண்டு மடிப்புத் துணியோடு சேர்த்துத் தைத்து, கோட்டின்மேல் ஒரு நூலை ஓட்டிவிடுகிறார்கள். பிறகு அந்த நூலையே பிடிமானமாகக் கொண்டு, நாம் பொத்தான் துளைக்குப் போடும் தையலைப் போட்டுப் போட்டே இதழையும் இலையையும் நிரப்புகிறார்கள். நிரப்பும்போது ஊசி துணிக்குள் இறங்குவதே இல்லை. எல்லாம் முடிந்ததும் அந்த இரண்டு மடிப்புக்கும் நடுவே கத்தரியை விட்டு, பிடித்திருந்த நூல்களை அறுக்கிறார்கள். துணியும் காகிதமும் கழன்றுவிட, பூ மட்டும் நிற்கிறது! தையல் டீச்சராக முப்பது வருடம் குப்பை கொட்டிய நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

கடைகளைப் பற்றிக் கேட்காதே. குடை, மேசை விரிப்பு, கைக்குட்டை என்று தெருவெல்லாம் தொங்குகிறது. பாதிக்கு மேல் இயந்திரத்தில் அடித்த சரக்கு. உள்ளங்கையளவு அசல் துண்டுக்கே வாரக்கணக்கில் ஆகுமாம். அதுவும் ஒருத்தி வேலை இல்லை. ஒவ்வொருத்தியும் ஒரு கட்டத்தை மட்டும் செய்து அடுத்தவளிடம் கொடுக்க, ஏழு பேர் கைமாறி வருவதுதான் பழைய வழக்கம். அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து தைத்துக் காட்டிய பெண்கள் எல்லோருக்கும் நம் வயது, அல்லது அதற்கும் மேல். நடுவில் ஒருத்தி இல்லாமல் போனால் அந்தத் தையலை யார் போடுவது? அதை நினைத்தபிறகு ஊர் சுற்றும் உற்சாகமே போய்விட்டது.

ஏற்கெனவே ஒருமுறை அப்படி ஆகியிருக்கிறது. 1872இல் கடுங்குளிரில் மீன்பிடிப்பு நின்று தீவே பட்டினி கிடந்தபோது, பெண்களுக்குப் பிழைப்பாக லேஸ் பள்ளி தொடங்க நினைத்தார்கள். பழைய தையல் தெரிந்தவர் என்று அகப்பட்டது செஞ்சா ஸ்கார்பரியோலா என்ற ஒரு கிழவிதான். அவருக்குச் செய்யத் தெரியும், சொல்லிக்கொடுக்க வராது. ஆகவே அன்னா பெல்லோரியோ என்ற பள்ளி ஆசிரியை பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பார்த்துப் பார்த்தே கற்று, மற்றவர்களுக்குக் கற்பித்தார். அந்தப் பள்ளி 1970 வரை நடந்தது. இப்போதைய அருங்காட்சியகம் அதே கட்டடம்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கால மிஷனரி மால்ட் அம்மையார் நாகர்கோவிலில் தொடங்கிவைத்த லேஸ் வேலை உங்கள் வீட்டில் பெரியம்மாவோடு நிற்கிறது. எண்பத்தாறு வயதாகிறது அவருக்கு. உனக்குத் தெரியுமா என்று கேட்டால், "எனக்கெதற்கு அந்தத் தலைவலி" என்பாய். கல்யாணத்துக்கு முன்பிருந்தே சொல்கிறாய். திண்டு இன்னும் பரணில்தான் இருக்கிறதா, இல்லை எலிக்குக் கொடுத்தாகிவிட்டதா? ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் இறக்கிவைத்து அவரை உட்காரச் சொல். பேத்தியிடம் கைப்பேசியைக் கொடுத்து, முகத்தை விட்டுவிட்டு விரல்களை மட்டும் படம் பிடிக்கச் சொல். சும்மா வாயால் கேட்டு எழுதிக்கொள்ளாதே, ஒன்றும் விளங்காது. நான் வந்ததும் அவர் பக்கத்தில் போய் உட்காரப்போகிறேன், திட்டினாலும் பரவாயில்லை.

கைக்குட்டை வாங்கி வருவேன் என்று காத்திருக்காதே. அசலின் விலைக்கு உன் வீட்டுக் கூரையை மாற்றிவிடலாம். அந்தத் தீவின் வளைய பிஸ்கட் வாங்கியிருக்கிறேன், வெண்ணெயும் முட்டைமஞ்சளும் தாராளமாகப் போட்டது. சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டுச் சாப்பிடு.

உன்,
வசந்தா