புவனேஸ்வரத்தில் இருக்கும் பாப்பாவுக்கு

பாப்பா,

போனில் ஆரம்பித்தால் ‘சரிம்மா, அப்புறம் பேசுறேன்’ என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் இவ்வளவு நீளமாக எழுதினால் யார் படிப்பார்கள் என்று உன் அண்ணன் சிரிக்கிறான். படிக்கிறவள் படிப்பாள். பாதியில் விரல் பட்டுப் போய்விட்டால் மீதி பின்னாலேயே வரும், நடுவில் பதில் போட்டுக் குழப்பாதே.

இங்கே எல்லாரும் சௌக்கியம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. ஆடி பிறந்தும் வெயில் குறையவில்லை. வேறு ஊர்ச் செய்தி ஒன்றும் இல்லை.

ஒடிசாவில் தேர்தல் முடிவு வந்து முதல்வர் நவீன் பட்நாயக் ஆட்சியை இழந்த 2024 ஜூன் 4ஆம் தேதி ராத்திரி நீ பேசியது இன்னும் என் காதில் இருக்கிறது. ‘இந்த ஜனங்களுக்கு நன்றியே கிடையாதும்மா, கிலோ ஒரு ரூபாய்க்கு அரிசி வாங்கித் தின்றார்கள், புயலில் உயிரோடு தப்பினார்கள், கடைசியில் அந்த மனுஷனையே தூக்கி எறிந்துவிட்டார்கள்’ என்று அழுத அழுகை, உன் கல்யாணத்தை நாங்கள் முதலில் வேண்டாம் என்று சொன்னபோதுகூட நீ அழவில்லை. அதற்கப்புறம் நீ என்னிடம் ஒழுங்காகப் பேசவே இல்லை. குழந்தை படம் அனுப்புகிறாய், நான் ஒரு கை கூப்புகிறேன், முடிந்தது. போன செவ்வாய்க்கிழமை பகல் பதினோரு மணிக்கு நானாகக் கூப்பிட்டேனே, பின்னால் குக்கர் விசில் கேட்டது. லீவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஃபனி புயலுக்கு நான் அங்கேதானே இருந்தேன், எனக்குத் தெரியாதா? 2019 மே மாதம், நீ பச்சை உடம்புக்காரி, சின்னக்குட்டிக்கு இன்னும் பேர்கூட வைக்கவில்லை. மாப்பிள்ளை ஜன்னலுக்கெல்லாம் டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். காற்று ஓய்ந்து கதவைத் திறந்தால் தெருவில் நின்ற மரம் அத்தனையும் படுத்துக்கிடக்கிறது, கரண்ட் இல்லை, குழந்தைக்கு வேர்க்குரு, நானும் சம்பந்தியம்மாவும் மாற்றி மாற்றி விசிறியால் வீசுகிறோம். ஆனால் அதற்கு முந்தியே பன்னிரண்டு லட்சம் பேரைக் கடலோரத்திலிருந்து கூட்டிக்கொண்டுபோய்ப் பத்திரமாக வைத்துவிட்டார்கள். 1999 புயலில் பத்தாயிரம் பேர் போன ஊர் அது. இந்தத் தடவை போனவர்கள் நூறைக்கூடத் தொடவில்லை. அப்போது சம்பந்தியம்மா ‘நவீன் பாபு, நவீன் பாபு’ என்று சுவரில் மாட்டிய ஜகந்நாதருக்குப் பக்கத்தில் வைக்காத குறையாகச் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. இந்தத் தடவை சம்பந்தியம்மா யாருக்குப் போட்டார் என்று நீ கேட்டிருக்க மாட்டாய். கேட்காதே. கேட்டு வைக்காதே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 1967 நம் வீட்டில் எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியும், தாத்தா திண்ணையில் சாப்பிடாமல் படுத்த கதையை நூறு தடவை கேட்டிருக்கிறாய். விருதுநகரிலேயே காமராஜர் தோற்றார். தோற்கடித்தவர் பெ. சீனிவாசன், மாணவர் தலைவர். வித்தியாசம் 1,285 ஓட்டு. காமராஜர் போட்ட மதிய உணவைத் தின்று வளர்ந்த பிள்ளைகளில் நானும் ஒருத்தி, தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றவள். எங்கள் ஊர்க்காரர்களே கைவிட்டுவிட்டார்கள் என்று தாத்தா கடைசிவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தக் கதையில் தாத்தாவுக்குத் தெரியாத பாதி ஒன்று உண்டு. அவர் போன பிறகுதான் அம்மாச்சி என்னிடம் சொன்னார்கள். அவர்களுடைய ஓட்டு உதயசூரியனுக்கு. ‘நல்ல மனுசன்தான்டி, நான் இல்லைங்கல. உலையில என்னத்தப் போட?’ என்றார்கள். அந்த வருஷம் அரிசி கிடைக்காமல் பட்ட பாடு அப்படி. ரூபாய்க்கு மூன்று படி என்று சுவரெல்லாம் எழுதியிருந்தது. மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று ஆனது, அந்த ஒரு படியையும் சென்னையிலும் கோயமுத்தூரிலும்தான் தொடங்கினார்கள். அம்மாச்சி அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். காமராஜர் மேல் அவர்களுக்கு வெறுப்பு எதுவும் இல்லை. சாகும்வரை பூஜை அறையில் அவர் படம் இருந்தது, நீயே பார்த்திருக்கிறாய். இப்போது விருதுநகரில் போய் விசாரித்துப் பார், அன்றைக்கு அவரை எதிர்த்து ஓட்டுப் போட்ட ஒரு ஆள் கிடைக்க மாட்டான்.

அங்கேயும் அப்படித்தான் என்று எனக்குப் படுகிறது. நீ சொல்கிற மாதிரி ஜனங்கள் நவீன் பாபுவைத் தூக்கி எறியவில்லை. ஓட்டைக் கூட்டிப் பார்த்தால் அவருடைய பிஜு ஜனதா தளத்துக்கு 40.2 சதவீதம், பாஜகவுக்கு 40.1. ஒரு மயிரிழை இவருக்குத்தான் கூடுதல். இடம் மட்டும் 147இல் 51, அவர்களுக்கு 78. இங்கே 67லும் ஏறக்குறைய இதே கூத்துதான், மொத்த ஓட்டில் காங்கிரஸ் திமுகவைவிடக் கொஞ்சம் மேலேதான் இருந்தது, கூட்டணிக் கணக்கு ஆட்சியை மாற்றிவிட்டது. அப்படியிருக்க, மாநிலத்தில் பத்துக்கு நான்கு பேர் அவருக்கே போட்டிருக்கும்போது, ‘நன்றிகெட்ட மாநிலம்’ என்று நீ முகநூலில் எழுதியதை உன் சித்தி கொண்டுவந்து காட்டினாள். அதை எடுத்துவிடு பாப்பா. அரசாங்கச் சம்பந்தமான வேலையில் இருக்கிறவள் இப்படி எழுதலாமா? எடுத்துவிட்டாயா?

நம் தெருக் கடைசியில் வீடு கட்டுகிறார்களே, அங்கே ஒடிசாப் பையன்கள் நாலைந்து பேர் தங்கி வேலை பார்க்கிறார்கள். ஒருத்தன் பலாங்கிர் மாவட்டம், காந்தாபாஞ்சிக்குப் பக்கத்துக் கிராமம். நம் வீட்டுக் குழாயில்தான் தண்ணீர் பிடிப்பான். பழைய சோறும் சின்ன வெங்காயமும் கொடுத்தால் அப்படி ஒரு சந்தோஷம், வேறு எதுவும் வேண்டாம் அவனுக்கு. காந்தாபாஞ்சி என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன், நவீன் பாபு நின்று தோற்ற தொகுதி ஆயிற்றே, அதுவும் பதினாறாயிரம் ஓட்டுக்கு மேலே. (அவர் நின்ற இன்னொரு தொகுதியான ஹிஞ்சிலியில் ஜெயித்ததால் சட்டசபைக்குப் போக முடிந்தது, அதுவும் ஐயாயிரத்துக்குள்தான்.) கேட்டேன். ‘நவீன் பாபு நல்ல ஆளும்மா. அரிசி உண்டு. வேலை இல்லை’ என்றான். அவன் அப்பா செங்கல் சூளைக்குத் தெலங்கானா போனவர், இவன் இங்கே. அந்த ஊர் ரயில்வே ஸ்டேஷனில் மழைக்காலம் முடிந்ததும் குடும்பம் குடும்பமாகச் சட்டி பானையோடு ரயில் ஏறுவார்கள் என்று நீயே ஒரு தடவை சொல்லியிருக்கிறாய். நவீன் பாபுவை நேரில் பார்த்திருக்கிறாயா என்றேன். ‘ஹெலிகாப்டர் பார்த்திருக்கேன்’ என்றான். இருபத்துநான்கு வருஷ முதல்வரைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதற்காக அவனை நன்றிகெட்டவன் என்று என்னால் சொல்ல முடியவில்லை, குடத்தைத் தூக்கிக்கொண்டு போகிறவனை.

அந்த ஹெலிகாப்டரில் வந்து இறங்கி மனு வாங்கியவரும் நம் மதுரை மாவட்டத்துக்காரர்தானே. நவீன் பாபுவுக்குச் செயலாளராக இருந்த அதிகாரி வி.கே. பாண்டியன் பேரைச் சொல்லி நான் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம் பெருமை அடித்தது உண்டு, ஒடிசாவையே நம் ஆள்தான் நடத்துகிறார், என் மகளும் அங்கேதான் பெண்கள் குழுக்களுக்கெல்லாம் வேலை செய்கிறாள் என்று. கெட்டிக்காரர், உழைப்பாளி, யாரும் மறுக்க முடியாது. ஆனால் எம்.எல்.ஏ.வே முதல்வரைப் பார்க்க வேண்டுமானால் அதிகாரி வழியாகத்தான் போக வேண்டும் என்றால் எந்த ஊர்க்காரனுக்கும் மனசு பொறுக்காது பாப்பா. நாளைக்கு இங்கே ஒரு ஒடியா அதிகாரி வேலையை விட்ட அடுத்த மாதமே கட்சியில் சேர்ந்து, முதல்வருக்குப் பக்கத்தில் மைக் பிடித்து நின்றால் நாம் என்ன பேசுவோம்? பேசாமல் இருப்போமா? அதை எதிர்க்கட்சி பிடித்துக்கொண்டது, ஒடியா மானம் என்று ஊர் ஊராகப் பேசியது, புரி ஜகந்நாதர் கோயில் பொக்கிஷ அறையான ரத்ன பண்டாரத்தின் சாவி தமிழ்நாட்டுக்குப் போய்விட்டது என்று பிரதமரே மேடையில் சொன்னார். அது எனக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. சென்ற வாரம் பண்டாரத்தைத் திறந்தபோது உள்ளறைப் பூட்டை உடைத்தே திறந்தார்களாம். யாரும் நம் வீட்டுக்கு வந்து சாவி கேட்கவில்லை.

உன் கூட வேலை பார்க்கிற ஒருத்தி ‘சாவி உங்க வீட்டுலதானே’ என்று சிரித்தாளே, அதை நீ மே மாதமே சொன்னாய், நானும் சிரித்துவைத்தேன். இப்போது யோசித்தால் நீ சிரிக்கவில்லை. யாரிடமும் வாய் கொடுக்காதே. கடையில், அபார்ட்மெண்டில், சின்னக்குட்டி பள்ளிக்கூட வாசலில், எங்கேயும் அரசியல் பேசாதே. உனக்குப் பேச வேண்டும் என்றால் எனக்குப் போன் பண்ணு, நான் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கேட்கிறேன்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடித்தது. தோற்ற மனுஷன் சட்டசபைக்குள் வருகிறார், தன்னைத் தோற்கடித்த லக்ஷ்மண் பாக் எழுந்து வணக்கம் சொல்கிறார், ‘ஓ, நீங்கள்தானா என்னைத் தோற்கடித்தவர்’ என்று சிரித்துக்கொண்டே வாழ்த்திவிட்டுத் தன் இடத்துக்குப் போகிறார். வீடியோவை நாலு தடவை போட்டுப் பார்த்தேன். அவருக்கே வருத்தம் இல்லாத மாதிரி இருக்கிறது, உனக்கு என்ன?

உனக்கு என்ன என்று கேட்டது கோபத்தில் இல்லை.

கீழத்தெரு அக்காவை ஞாபகம் இருக்கிறதா, மக்கள் நலப் பணியாளராக இருந்தாரே. ஒரு ஆட்சி வேலை கொடுக்கும், அடுத்த ஆட்சி எடுத்துவிடும். 1991, 2001, 2011, மூன்று தடவையும் அந்தத் திட்டத்தில் இருந்தவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். கடைசித் தடவை மட்டும் பதிமூவாயிரம் பேருக்கு மேல். அந்த அக்கா வேலை போன விஷயத்தை வீட்டில் சொல்லாமல் தினமும் சேலை கட்டிக்கொண்டு, டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு, கோயில் மண்டபத்தில் போய் உட்கார்ந்துவிட்டுச் சாயங்காலம் வருவார். ஊருக்கே தெரியும், அவர் வீட்டுக்குத் தெரியாது. எதற்குச் சொல்கிறேன் என்றால் சும்மா, ஞாபகம் வந்தது. உன்னைச் சொல்லவில்லை. உன் வேலை வருஷா வருஷம் புதுப்பிக்கிற வேலைதானே, ஜூலையில்தானே கையெழுத்தாகும், ஆகியிருக்கும். ஆபீஸ் வண்டி இப்போதும் வாசலுக்கு வருகிறதா, இல்லை நீயே ஸ்கூட்டரில் போகிறாயா? மழையில் ஸ்கூட்டர் வேண்டாம்.

உன் அண்ணனிடம் கேட்டால் ‘அவ நல்லாத்தான் இருக்கா’ என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். சின்ன வயசிலிருந்தே நீங்கள் இருவரும் இப்படித்தான், ரேங்க் கார்டை மெத்தைக்கு அடியில் ஒளித்தவர்கள். அப்பா ஒன்றும் கேட்பதில்லை, ஆனால் ஒடிசா என்று டிவியில் வந்தால் சத்தத்தைக் கூட்டுகிறார். புது முதல்வர் மோகன் சரண் மாஜி கியோஞ்சர் பக்கத்துப் பழங்குடிக் குடும்பத்துக்காரர் என்று எனக்கு எடுத்துச் சொல்கிறார். பெண்களுக்குச் சுபத்ரா என்று ஏதோ திட்டம் வரப்போகிறதாம், அதற்கும் குழுவில் வேலை தெரிந்த ஆட்கள் வேண்டியிருக்கும் இல்லையா? நீ அந்த வேலையை எப்படிச் செய்வாய் என்று எனக்குத் தெரியும். கோராபுட் மலையில் நடந்துபோய் அந்தப் பெண்களுக்குக் கணக்குப் புத்தகம் எழுதக் கற்றுக்கொடுத்தவள் நீ. அதை எந்தக் கட்சியும் உன்னிடமிருந்து எடுக்க முடியாது. ஆனால் நீயாகப் போய் நாலு பேரிடம் கேட்க வேண்டும், முகநூலில் வைதுகொண்டு உட்கார்ந்தால் யார் கூப்பிடுவார்கள்? எடுத்துவிடு அதை, முதல் வேலையாக.

பெற்றவர்கள் ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறோம் என்று நினைக்காதே. சின்னக்குட்டிக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்டால் இரண்டு வாரம் வந்து இருங்கள். மாப்பிள்ளைக்கு வர முடியாவிட்டால் நீங்கள் இருவர் மட்டும். இப்போதே வருவதானாலும் சரி, யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், சித்தி வாயை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அப்புறம் ஒரு விஷயம். உன் பேரில் போஸ்ட் ஆபீஸில் போட்டிருந்த கிசான் பத்திரம் முதிர்ந்துவிட்டது. அது உன் காசு, எங்களுக்கு வேண்டாம், அண்ணனுக்கும் தெரியும். வாங்குவதற்கு உன் கையெழுத்து வேண்டும் என்கிறார்கள், தாளைத் தபாலில் அனுப்புகிறேன், போட்டுத் திருப்பி அனுப்பு. பணம் போட பழைய சம்பளக் கணக்கு நம்பரே இருக்கிறதா, வேறு கணக்கு வைத்திருக்கிறாயா? அதை மட்டும் இன்றைக்கே எழுது, மற்றதற்கு மெதுவாகப் பதில் சொல்லலாம்.

அம்மா