கெளுத்தி முட்டை ஏன் வெள்ளையாகிறது? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கோரிடோரஸ் கெளுத்தி வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "கண்ணாடியில் முட்டை ஒட்டியிருந்தது. இரண்டே நாளில் வெள்ளையாகிப் பஞ்சு பிடித்துவிட்டது. என்ன செய்வது?" இந்த மீனை முட்டையிட வைப்பது அவ்வளவு சிரமமில்லை. அதன்பின் வரும் பத்துப் பதினைந்து நாட்களில்தான் பெரும்பாலான குஞ்சுகள் கைநழுவிப் போகின்றன.

முட்டையிட வைப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். மேலிருந்து பார்க்கும்போது அகலமாகத் தெரிவது பெண். ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண் இருக்கட்டும். பத்து நாள் ப்ளட்வார்ம் (சிவப்புப் புழுத் தீனி), ஆர்ட்டீமியா (உப்புநீரில் வாழும் சிறு இறால்) கொடுங்கள். பெண்ணின் வயிறு பருத்ததும் பாதித் தண்ணீரை மாற்றுங்கள். புதுத் தண்ணீர் குளோரின் நீக்கியதாகவும், தொட்டியைவிட 3 முதல் 5 டிகிரி குளிர்ந்ததாகவும் இருக்க வேண்டும். மழைக்காலம் வந்துவிட்டது என்று மீன் எடுத்துக்கொள்ளும். ஏனியஸ், பேலியேட்டஸ் வகைகள் பல சமயம் மறுநாளே முட்டையிட்டுவிடும்.

பெற்றோரே முட்டையைத் தின்றுவிடும் என்பதால் பிரித்தே ஆக வேண்டும். இட்டவுடன் தொடாதீர்கள், உடைந்துவிடும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் தோல் இறுகிவிடும். அப்போது ஈர விரல் நுனியால் மெல்ல உருட்டினால் முட்டை கழன்று விரலோடு வரும். பிளேடால் சுரண்டுவதைவிட இது பத்திரம். இலையில் ஒட்டியிருந்தால் இலையோடு கிள்ளி எடுங்கள்.

3 லிட்டர் பிளாஸ்டிக் டப்பாவில் அதே தொட்டித் தண்ணீரை ஊற்றி முட்டைகளைக் கொத்தாக இல்லாமல் பரப்பிவிடுங்கள். டப்பாவைத் தொட்டிக்குள் மிதக்கவிட்டால் 24 முதல் 26 டிகிரி வெப்பம் தானாக நிற்கும். ஏர் ஸ்டோன் குமிழி மெதுவாக வரட்டும். பூஞ்சையைத் தடுக்கும் நீல மருந்தான மெத்திலீன் ப்ளூவின் 1 சதவீதக் கரைசலை லிட்டருக்கு நான்கு சொட்டு விடுங்கள். இதைப் பெரிய தொட்டியில் ஊற்ற வேண்டாம். அம்மோனியாவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியாவை அது பாதிக்கும், கண்ணாடி ஒட்டும் சிலிக்கோனிலும் கறை விழும்.

இனி வெள்ளை முட்டை. கருவுற்ற முட்டை நாளாக நாளாகப் பழுப்பாகும், மூன்றாம் நாள் வாக்கில் உள்ளே கண் தெரியும். கருவுறாதது வெளுத்துவிடும். பூஞ்சை முதலில் அதில்தான் பிடிக்கும், பிறகு அதன் இழைகள் பக்கத்திலிருக்கும் நல்ல முட்டையையும் சுற்றிக்கொள்ளும். காலையும் மாலையும் டிராப்பரால் வெள்ளை முட்டைகளை எடுத்துவிடுங்கள். மருந்தைவிட இதுதான் அதிகம் காப்பாற்றும். முக்கால்வாசி வெளுத்துப்போனால் மருந்தைக் கூட்டாதீர்கள். ஆண்கள் போதவில்லை, அல்லது மீன்கள் இளசு. முதல் ஈட்டில் இது சகஜம்.

மூன்று முதல் ஐந்து நாளில் பொரியும். உடனே நீலத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். அடுத்த இரண்டு மூன்று நாள் தீனியே போடாதீர்கள். குஞ்சு வயிற்றில் ஒட்டியுள்ள மஞ்சள்கருப் பையிலிருக்கும் சத்தில்தான் வாழ்கிறது. போடும் தூளெல்லாம் அழுகத்தான் செய்யும். பை சுருங்கியதும் மைக்ரோவார்ம் (மிகச் சிறிய புழு) அல்லது அன்று பொரித்த ஆர்ட்டீமியா, நாளுக்கு மூன்று முறை, துளித்துளியாக. ஆர்ட்டீமியா முட்டைக்கு லிட்டருக்கு 25 கிராம் உப்பு, 28 டிகிரி, நல்ல காற்றோட்டம் இருந்தால் ஒரு நாளில் பொரியும். முட்டை ஓடுகளை நீக்கி, நல்ல தண்ணீரில் அலசிக் கொடுங்கள்.

இரண்டாம் வாரத்தில் நன்றாக இருந்த குஞ்சுகள் திடீரெனச் சாகும்போது பலர் நோய் என்று நினைக்கிறார்கள். டப்பாவின் தரையைத் தடவிப் பாருங்கள், வழவழப்பாக இருக்கும். தரையிலேயே கிடக்கும் மீன் என்பதால் அந்த அழுக்கு முதலில் வயிற்றையும் மீசையையும் அரிக்கும். தினமும் தரையைத் துடைத்து, கால் பங்குத் தண்ணீரை அதே வெப்பமுள்ள தண்ணீரால் மாற்றுங்கள். ஸ்பாஞ்ச் ஃபில்டர் வைப்பதானால் ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியில் சில வாரம் ஊறியதாக இருக்கட்டும்.

பிரிஸில்நோஸ் என்ற இன்னொரு கெளுத்தி வகையை வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மேலே சொன்னது உங்களுக்குப் பொருந்தாது. அங்கே ஆண் மீனே குகைக்குள் முட்டைக்குக் காவல் இருந்து துடுப்பால் விசிறும். அது முட்டையை வெளியே தள்ளினால் மட்டும் எடுத்து டப்பாவில் வையுங்கள்.

ஐயம் இருந்தால் முட்டையின் படத்தோடு கடைக்கு வாருங்கள். எத்தனை நாள் முட்டை, தண்ணீரின் வெப்பம் எவ்வளவு என்பதையும் குறித்து வந்தால் உடனே பதில் சொல்ல முடியும்.

அன்புடன்,
கடைப் பணியாளர்கள்