எலியிலா, மனிதரிலா? முதல் பத்தியிலேயே சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மருத்துவ ஆராய்ச்சிச் செய்திகளுக்கு நம் பத்திரிகைகள் இப்போது முன்பைவிட அதிக இடம் தருகின்றன, அதில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம். ஆனால் 'புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிப்பு', 'மறதி நோய்க்கு விடிவு' என்ற தலைப்பைப் பார்த்து உள்ளே போனால், சோதனை நடந்தது எலியிலா, ஆய்வகத்தில் வளர்த்த செல்லிலா, மனிதரிலா என்பது கடைசிப் பத்தியில்தான் வருகிறது. சில நேரம் வருவதே இல்லை. வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு தவிப்பவர்கள்தான் இந்தச் செய்திகளை ஒரு வரி விடாமல் படிக்கிறார்கள், வெட்டி எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய்க் கேட்கிறார்கள். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

இந்தப் பழக்கம் இன்று நேற்று வந்ததும் இல்லை. 1998 மே மாதம் அமெரிக்கப் புற்றுநோய் ஆராய்ச்சியாளர் ஜூடா ஃபோக்மனின் ஆராய்ச்சியை நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் போட்டது. புற்றுக்கட்டிக்குப் புதிய ரத்தக்குழாய்கள் முளைக்க விடாமல் தடுத்தால் கட்டி சுருங்கிவிடும் என்பது அவர் கருத்து, எண்டோஸ்டேட்டின், ஆஞ்சியோஸ்டேட்டின் என்ற இரண்டு புரதங்கள் எலிகளில் அதைச் செய்தும் காட்டின. உடனே அந்தப் புரதங்களை மருந்தாக்க முயன்ற கம்பெனியின் பங்கு விலை எகிறியது, நோயாளிகள் மருந்து கேட்டு அலைந்தார்கள். அப்புறம் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது எலிகளில் கண்ட பலன் கிடைக்கவில்லை. ஃபோக்மனின் கருத்தில் பிழை இல்லை. அதே வழியில் வந்த பெவாசிசுமாப் 2004இல் பெருங்குடல் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது, ஆனால் அது கூட்டிக் கொடுத்தது சில மாத ஆயுளைத்தான்.

சரி, மனிதரிடம் நடந்த சோதனை என்றால் பிரச்சினை தீர்ந்ததா என்றால், அங்கேயும் எண்கள் ஏமாற்றுகின்றன. அல்சைமர் நோய்க்கான லெகானெமாப் மருந்தின் சோதனை முடிவு 2022இல் வந்தது. 1,795 பேர், 18 மாதம். நோய் முற்றும் வேகம் 27 சதவீதம் குறைந்தது என்று உலகம் முழுக்கச் செய்தி. எதில் 27 சதவீதம்? நினைவையும் அன்றாடச் செயல்பாட்டையும் அளக்கும், மொத்தம் 18 புள்ளிகள் உள்ள ஓர் அளவுகோலில், மருந்து பெறாதவர்கள் சராசரியாக 1.66 புள்ளி சரிந்தார்கள், பெற்றவர்கள் 1.21 புள்ளி சரிந்தார்கள். வித்தியாசம் 0.45, அவ்வளவுதான். அந்தச் சோதனையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரத்தநாளம் வழியாக ஏற்றினார்கள், மருந்து பெற்றவர்களில் 12.6 சதவீதம் பேருக்கு ஸ்கேனில் மூளை வீக்கம் தெரிந்தது, போன நினைவு திரும்புவதும் இல்லை. நோயின் போக்கையே கொஞ்சம் மாற்றிய மருந்து என்ற வகையில் இது பெரிய சாதனை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அம்மாவுக்கு இதைக் கொடுக்கலாமா என்று யோசிக்கும் மகளுக்கு 27 என்ற எண் மட்டும் போதாது, 0.45உம் தெரிய வேண்டும்.

முழு எண்களையும் சொன்னால் செய்தி சப்பென்று போய்விடும் என்று நினைக்காதீர்கள். லெனகாபவிரைப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் எச்.ஐ.வி. தடுப்பு ஊசி. தென் ஆப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் இதைப் பெற்ற 2,134 பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை. அதே சோதனையில் தினசரி மாத்திரை கொடுக்கப்பட்ட இரண்டு பிரிவுகளில் 2,136 பேரில் 39 பேருக்கும், 1,068 பேரில் 16 பேருக்கும் வந்தது. இந்த எண்களுக்கு மேல் எந்த அலங்காரமும் வேண்டாம். இதைத் தடுப்பூசி என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், ஊசியை நிறுத்தினால் பாதுகாப்பும் போய்விடும்.

மரபணுத் திருத்தச் செய்திகளுக்கும் இதேதான். அரிவாள் செல் ரத்தசோகைக்கு கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறையில் உருவான சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டனும் அடுத்த மாதம் அமெரிக்காவும் அனுமதி கொடுத்தன. போதிய காலம் கண்காணிக்கப்பட்ட 31 பேரில் 29 பேருக்குத் தொடர்ந்து 12 மாதமாவது கடும் வலித் தாக்குதல் வரவில்லை. படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. ஆனால் 'ஒரே ஊசியில் குணம்' என்ற மாதிரி எழுதுவது சரியில்லை: நோயாளியின் ரத்த ஸ்டெம் செல்களை வெளியே எடுத்து, திருத்தி, கடுமையான கீமோதெரபி கொடுத்து மஜ்ஜையைக் காலி செய்த பிறகுதான் அவற்றைத் திரும்ப ஏற்றுகிறார்கள், வாரக்கணக்கில் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். 2025இல் பிலடெல்பியாவில் ஒரு குழந்தையின் அரிய மரபணுக் கோளாறுக்கென்றே ஆறு மாதத்தில் ஒரு மருந்து தயாரித்துக் கொடுத்தார்களே, அது அபாரமான வேலை, முதல் பக்கத்துக்குத் தகுதியானது. ஒரே ஒரு குழந்தை என்பதையும் தலைப்பிலேயே சொல்லலாம்.

ஆகவே என் வேண்டுகோள்: யாரிடம் சோதித்தார்கள், எத்தனை பேர், எதோடு ஒப்பிட்டார்கள் என்பதை முதல் பத்தியிலேயே போடுங்கள். இன்னொன்றும் உண்டு. ஒரு கண்டுபிடிப்பு வந்த நாளில் எழுதுகிறோம், அப்புறம் அது என்ன ஆயிற்று என்று யாரும் எழுதுவதில்லை. மாதம் ஒருமுறை கால் பக்கம் ஒதுக்கி, சில வருடம் முன்பு வெளியான ஓர் ஆராய்ச்சிச் செய்தி இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது, தோற்றிருந்தால் எங்கே தோற்றது என்று எழுதுங்களேன். லெகானெமாப்பிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்