மலச்சிக்கலுக்கு ஒரு வரிகூட இல்லையே

ஆசிரியருக்கு வணக்கம்.

பார்க்கின்சன் நோய் பற்றிய உங்கள் கட்டுரையில் கைநடுக்கம், நடைத்தளர்ச்சி எல்லாம் இருந்தன. மலச்சிக்கல் மட்டும் இல்லை.

என் அப்பாவுக்குக் கை நடுங்கத் தொடங்கி நான்கு வருடம் ஆகிறது. அதற்கும் பத்து வருடம் முன்பிருந்தே ராத்திரி இரண்டு வாழைப்பழம், வெந்நீர், கடுக்காய்ப்பொடி என்று வயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வயசானால் அப்படித்தான் என்று விட்டுவிட்டோம். ஆரியங்காவு மலையேறித் திருவனந்தபுரம் போனபோதுதான் ஒரு மருத்துவர் முதல் கேள்வியாக, "வயிறு ஒழுங்கா போகுதா?" என்று மலையாளம் கலந்த தமிழில் கேட்டார்.

இந்த நோயை 1817இல் விவரித்து எழுதிய ஆங்கிலேய மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சனே மலச்சிக்கலைக் குறிப்பிட்டிருக்கிறார். நோய் குடலில் தொடங்கி குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பு வழியே மூளைக்கு ஏறலாம் என்று 2003இல் ஜெர்மனியின் மூளை ஆய்வாளர் ஹைக்கோ பிராக் கருத்துச் சொன்னார். 2016இல் கலிஃபோர்னியாவில் ஒரு சோதனை. பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் கட்டிதட்டிப்போகும் ஆல்ஃபா சைனுக்ளின் என்ற புரதம் மிகும்படி மரபு மாற்றிய சுண்டெலிகளுக்கு மனிதக் குடல் பாக்டீரியாவைக் கொடுத்தார்கள். நோயாளிகளுடையதைப் பெற்றவை, நோயில்லாதவர்களுடையதைப் பெற்றவற்றைவிட அதிகம் தடுமாறின. சரி, சுண்டெலிக்கு நடந்தது மனிதனுக்கும் அப்படியே நடக்கும் என்றில்லை. மலச்சிக்கல் உள்ள எல்லோருக்கும் நடுக்கம் வந்துவிடாது.

அதற்குள் 'மூளைக்கு நல்லது' என்று புரோபயாடிக் (நல்ல பாக்டீரியா) மாத்திரை விற்கிறார்கள். நானும் ஒரு டப்பா வாங்கினேன். நடுக்கம் அப்படியேதான் இருக்கிறது. நீராகாரம் குடித்தால் போதாதா என்கிறார் அம்மா. அதுவும் மருந்தில்லை, ஆனால் காசு மிச்சம்.

அடுத்த கட்டுரையில் வயிற்றுக்கும் நாலு வரி ஒதுக்குங்கள்.

வாசகர் ஒருவர்,
செங்கோட்டை