ஆறாம் பாகத்தை அப்படி ஒதுக்கலாமா?

ஆசிரியருக்கு,

'ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு த கேலக்ஸி' என்ற நகைச்சுவை விண்வெளி நாவல் வரிசையின் ஆறாம் பாகத்தை ஒரே வரியில் "போலி" என்று தள்ளிவிட்ட விமர்சனத்தைப் படித்தேன். பாதிதான் ஒப்புக்கொள்ள முடிகிறது.

1992-ல் வந்த ஐந்தாம் பாகத்தில், இந்த வரிசையைத் தொடங்கிய டக்ளஸ் ஆடம்ஸ் பூமியை எல்லா இணைப் பிரபஞ்சங்களிலும் சேர்த்தே ஒழித்துக்கட்டினார். விழுந்து விழுந்து சிரிக்க வைத்த கதை இப்படியா முடியும் என்று எனக்கு ஒரே எரிச்சல். அவருக்கே அந்த இருட்டு உறுத்தியது; இன்னொரு பாகம் எழுத நினைத்திருந்தார். ஆனால் 2001-ல், 49 வயதில் இறந்துவிட்டார். 2009-ல் ஓயின் கோல்ஃபர் என்ற வேறொரு எழுத்தாளர் ஆறாம் பாகத்தை எழுதியது ஆடம்ஸின் மனைவி சம்மதத்தோடுதான். அப்புறம் எங்கிருந்து வந்தது போலி?

சரி, புத்தகம் எப்படி? பிரபஞ்சத்தில் உள்ள ஒவ்வொருவரையும் அகரவரிசைப்படி திட்டக் கிளம்பிய சாகாவரக்காரர் வௌபேக்கருக்கு இதில் பெரிய வேடம். (கதையின் நாயகி டிரில்லியனோடு காதல் வேறு!) ரசித்துப் படித்தேன். ஆனால் கதைக்குள் வரும் விண்வெளிக் கையேட்டிலிருந்து எடுத்ததாக இடையிடையே வரும் அந்தக் 'கையேட்டுக் குறிப்புகள்' இருக்கின்றனவே! ஆடம்ஸ் எழுதினால் கதையை விட்டு விலகுவதே சுகமாக இருக்கும். கோல்ஃபரிடம் அவை ஓயாமல் குறுக்கே வந்து, சூடு பிடிக்கும் காட்சியை நிறுத்திவிடுகின்றன. சோக ரோபோ மார்வினும் இல்லை. நாலாம் பாகத்திலேயே இறந்தவன்தான், இருந்தாலும் தேடினேன்.

அடுத்த முறை கடைசிப் பக்கம் வரை படித்தவரிடம் விமர்சனம் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஆறையும் படித்த வாசகி