பெரிம்மா, அந்த கேரம் போர்டப் பத்தி

ஹாம்பர்க்
16.11.2025, ஞாயித்துக்கிழமை

அன்புள்ள பெரிம்மாவுக்கு,

நல்லா இருக்கேன். வேளாவேளைக்குச் சாப்பிடறேன். தொப்பி, கையுறை எல்லாம் போட்டுக்கறேன். இத தம்பிகிட்ட குடுத்துப் படிக்கச் சொல்லுங்க. அவன் ஆட்டோ ஓட்டற மாதிரியே படிப்பான், அங்கங்க நிறுத்திப் படிக்கச் சொல்லுங்க.

தெனம் போன் பேசறப்போ கடிதாசி எதுக்குடின்னு கேப்பீங்க. ஆடி மாசம் உங்க பொண்ணு நம்மள வுட்டுப் போனதுல இருந்து நாம எத்தினி தபா பேசியிருப்போம்? உங்க மூஞ்சப் பாத்தா நான் அழுவறேன், என் மூஞ்சப் பாத்தா நீங்க அழுவறீங்க. அழுது முடிக்கறதுக்குள்ள எனக்கு டூட்டி வந்துடுது. 26 வருஷம் அவ என்ன அழ வெச்சதவிட சிரிக்க வெச்சதுதான் ஜாஸ்தி. அதுல ஒண்ணக்கூட நாம ரெண்டு பேரும் இன்னும் பேசல. கூடவே, போன வாரம் நீங்க அவளோட கேரம் போர்ட என்ன பண்ணறதுன்னு கேட்டீங்களே, அதுக்கும் பதில் சொல்லணும். கடைசியில சொல்றேன்.

இங்க இப்ப சாயங்காலம் நாலேகாலுக்கே இருட்டிடுது. ஞாயித்துக்கிழமைன்னா கடைங்க எல்லாம் மூடிக் கெடக்கு. ஊரே யாரோ தூங்கறாங்கங்கற மாதிரி மெதுவாப் பேசுது. காலையோ ராத்திரியோ, எதிர்ல வர்றவங்க "மொயின்"னு சொல்லுவாங்க. வணக்கம் மாதிரி. வந்த புதுசுல இத அவகிட்ட சொன்னேன். "இன்னாடி, காலங்காத்தால எல்லாரும் பர்மா சூப்பு மொய்ங்கா கேக்கறானுங்க? பீச் ஸ்டேஷன் எதிர்ல இருக்கற பர்மா நூடுல்ஸ் அத்தோ கடைக்கு ஒரு கிளை அங்க போட்ருவமா?"ன்னா. இப்பவும் லிஃப்டுல யாராவது மொயின்னா எனக்குக் கிண்ணமும் கரண்டியும்தான் கண்ணுக்கு வருது.

வேலையும் நம்ம ஊர் மாதிரி இல்ல. அங்க நோயாளியக் குளிப்பாட்டறது, சோறு ஊட்டறது எல்லாம் சொந்தக்காரங்க பாத்துப்பாங்க. இங்க அதுவும் நர்ஸ் வேல. எங்க வார்டுல முக்கால்வாசி வயசானவங்க. மொதல் மாசம் கூச்சமா இருந்துச்சு, அப்புறம் பழகிடுச்சு. நான் இங்க வந்தவுடனே உங்க பொண்ணு கேட்ட மொதல் கேள்வி, "பாட்டிங்களுக்குத் தல பின்னி விடறியா?"

மொழிதான் பேஜாரு. ஜெர்மன் மொழி பி2 பரீட்சைக்குப் படிச்சப்போ அவதான் ஐஸ் கம்பெனில கணக்கு எழுதிக்கிட்டே போன்ல எனக்குக் கேள்வி கேப்பா. ஜெர்மன்ல ஸ்பூன் ஆம்பள, முள்கரண்டி பொம்பள, கத்தி ரெண்டும் கெடையாது. "கத்தி இன்னா பாவம் பண்ணுச்சு?"ன்னு அரை மணி நேரம் சண்ட. அவ கேட்டதாலதான் இன்னிக்கும் எனக்கு அது மறக்கல.

இங்க எல்பே ஆத்தங்கரைல ஞாயித்துக்கிழமை மட்டும் மீன் மார்க்கெட்டு. 1703ல இருந்து நடக்குதாம். காசிமேடுன்னு நெனச்சுதான் போனேன். படகுல இருந்து கூடையில எறங்கற மீனெல்லாம் இல்ல பெரிம்மா, எல்லாம் வண்டியில வருது. கடலே இங்கேந்து நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கு. ஆனா வண்டி மேல ஏறி நின்னு கத்தி விக்கறானுங்க பாருங்க, கண்ண மூடினா ஏலக்காரங்க குரல்தான். ஒம்போதரைக்கு டக்குனு கடையக் கட்டிடறாங்க. சர்ச்சுக்குப் போகணும்னு அந்தக் காலத்துல வெச்ச நேரமாம். அவ வீடியோல இருந்துக்கிட்டு, "செவுளத் தூக்கிப் பாருடி, எங்கம்மா மானத்த வாங்காத"ன்னு கத்தறா. நானும் தூக்கிட்டேன். கடைக்காரன் திட்டினது பாதி புரியல. புரிஞ்ச பாதி இங்க எழுதற மாதிரி இல்ல.

மத்திக்குச் சொந்தக்காரன் மாதிரி ஒரு மீன உப்புல ஊறப்போட்டு, அடுப்பையே காட்டாம பன்னுக்குள்ள வெங்காயத்தோட வெச்சுத் தராங்க. இப்ப எனக்குப் பிடிக்குது. வெளிய சொல்லாதீங்க.

இப்ப உங்களுக்குத் தெரியாத ஒண்ணு சொல்றேன். கேரம்ல டபுள்ஸ் ஆடறப்போ பார்ட்னருங்க பேசக் கூடாது, ஜாடை காட்டக் கூடாது. அதுக்கு அவ ஒரு வழி வெச்சிருந்தா. ஒரு தபா இருமினா நேர் காய் அடி. மூக்கத் தேச்சா ரெட்டத் தொடாத. தும்மினா கட் அடி. ஏமாத்து வேலதான், ஒத்துக்கறேன். முக்கு கிளப்புல பசங்க நம்மள ஆட வுட மாட்டானுங்க, நாங்க குண்டு பல்ப அணைக்கற வரைக்கும் நின்னு பாத்துட்டு வருவோம்ல? அந்தப் பசங்கள மொதமொதல்ல ஜெயிச்சு அவனுங்க காசுல அத்தோவும் வாழத்தண்டு சூப்பும் குடிச்சோமே, அது இந்த இருமல்லதான்.

அப்புறம் மாவட்டப் போட்டி. அன்னிக்குப் பாத்து அவளுக்கு நெஜமாவே ஜலதோஷம். எதிர்ல ஒக்காந்து இருமறா, தும்மறா, மூக்கத் தேக்கறா, எல்லாம் ஒரே மூச்சுல. நான் இருமலுக்கு ஒண்ணு அடிக்கறேன், தும்மலுக்கு ஒண்ணு அடிக்கறேன். ரெட்டு விழுந்துச்சு, அதுக்கு அடுத்து போட வேண்டிய ஃபாலோ காய் விழல, ரெட்டு திரும்ப நடுவுக்கு வந்துடுச்சு. அவ கண்ண உருட்டறா. அதுக்கு என்ன அர்த்தம்னு நாங்க பேசி வெக்கவே இல்ல! அம்பயர் பாவப்பட்டு அவளுக்கு வெந்நி வரவழச்சாரு. 25-க்கு 4-ன்னு தோத்தோம். வெளிய வந்து படிக்கட்டுல ஒக்காந்தவ எந்திரிக்கவே இல்ல, அவ்ளோ சிரிப்பு. வீட்டுக்கு வந்து உங்ககிட்ட "அம்பயர் சரியில்ல"ன்னு சொன்னோம். நீங்க அந்தாளச் சபிச்சீங்க. வாபஸ் வாங்கிடுங்க பெரிம்மா.

நானும் அவளும் பெரிய ஆட்டக்காரங்க ஆகல. அவளுக்கு அதுல வருத்தமே இல்ல. மரிய இருதயம் ரெண்டு தபா உலக சாம்பியன், 1996ல அர்ஜுனா விருதுன்னு சொந்தத் தாய்மாமா மாதிரி சொல்லிட்டுத் திரிவா. போன வருஷம் நவம்பர்ல நம்ம காசிமா அமெரிக்காவுல நடந்த உலகக் கேரம் போட்டில மூணு தங்கம் வாங்குன அன்னிக்கு எனக்கு எட்டு வாய்ஸ் மெசேஜ். எட்டுலயும் அழுகையும் கத்தலும்தான், ஒரு வார்த்த புரியல. ஆட்டோ ஓட்டறவரு பொண்ணுடி, பக்கத்துத் தெரு மாதிரிடின்னு எட்டாவதுலதான் கொஞ்சம் கேட்டுச்சு. நம்ம தெரு பூரா உங்க பொண்ணு லட்டு குடுத்தாளாமே. அந்த எட்டையும் வெச்சிருக்கேன்.

கடைசியா அவ முடியாம இருந்த அந்தப் பதினோரு நாளப் பத்தி எழுதல. ரிப்போர்ட்டு நம்பருங்க எனக்குப் புரிஞ்சுது, புரியாம இருந்திருந்தா தேவல. அவ்ளோதான்.

போன மாசம் வார்டுல ஒரு தாத்தா. 84 வயசு, துறைமுகத்துல மூட்ட தூக்குனவரு. பக்கவாதம், வலது கை சரியா வரல. வெரலுக்குக் குடுத்த பயிற்சியச் செய்ய மாட்டேன்னு அடம். கூடத்துல வட்டமா கறுப்பு வெள்ளக் காயுங்க இருந்துச்சு. எடுத்து அவரு சாப்பாட்டு மேசைல வெச்சு, ஓரத்துல வாந்தி புடிக்கற கிட்னி ட்ரேய சாய்ச்சு வெச்சு, ஒண்ண சுண்டிக் காட்டினேன். மொறச்சுப் பாத்தாரு. அப்புறம் சுண்டினாரு. ஏழாவதோ எட்டாவதோ ட்ரேக்குள்ள போய் ணங்குனு விழுந்துச்சு. "ஃபாலோ போடு தாத்தா!"ன்னு நான் தமிழ்ல கத்திட்டேன். அந்த அமைதியான வார்டுல! பக்கத்துக் கட்டில் பாட்டி முழிச்சுக்கிச்சு. அவரு எப்படிச் சொன்னேன்னு கேட்டு, "ஃபாலோ, ஃபாலோ"ன்னு மறுபடியும் குறி பாத்தாரு. சிரிச்சேன் பெரிம்மா. ஆடிக்கப்புறம் அன்னிக்குத்தான். இப்ப தெனம் நான் வந்ததும் மேசையத் தொடச்சு வெச்சுட்டுக் காத்திருக்காரு. ரெட்டு இல்லாததால ஒரு காயில சிவப்பு பிளாஸ்திரி ஒட்டியிருக்கேன்.

இப்ப போர்டு. கிளப் பசங்க கேட்டா குடுத்துடுங்க. எனக்காக வெச்சுக்க வேணாம், பூட்டி வெச்சா ஒட்டுப்பலக உப்பிப் போயிடும். பொண்ணுங்களையும் ஆட வுடணும்னு சொல்லிக் குடுங்க. மறுத்தா குடுக்காதீங்க. ஸ்ட்ரைக்கர் அரிசி டப்பா பக்கத்துல சின்ன டின்ல இருக்கும், அதையும் சேத்துக் குடுங்க.

வர்தா புயல்ல கூர ஷீட் பறந்து போர்டு நனஞ்சுதே, அப்பலேந்து ஜன்னல் பக்கத்து பாக்கெட்டுக்கிட்ட லேசா ஒரு மேடு. மெதுவா போற காய் அங்க இடது பக்கம் ஒரு நூல் வெலகும். அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். இப்ப உங்களுக்கும் தம்பிக்கும். பசங்ககிட்ட சொல்லிடாதீங்க, அவனுங்களே கண்டுபிடிக்கட்டும்.

இப்படிக்கு,
உங்க பக்கத்து வீட்டு உம்மணாமூஞ்சி