பல் டாக்டர்களுக்கும் காது மூக்கு தொண்டை டாக்டர்களுக்கும் லேப்ல இருந்து ஒரு மடல்

டாக்டர்களுக்கு வணக்கம்.

புத்துநோயான்னு பாக்க நீங்க வெட்டி அனுப்புற சதைத்துண்டு ஃபார்மலின் டப்பால வந்து சேர்ற எடத்துல வேலை பாக்குறவன் நான். மதுரைப் பக்கம், பதினாலு வருஷம் ஆச்சு. துண்டை மெழுகுல பதிச்சு, மைக்ரோடோம்ல நாலு மைக்ரான் கனத்துக்கு சீவி, வெந்நீர்ல மெதக்கவிட்டா பாலாடை மாதிரி விரியும், அதை ஸ்லைடுல ஏந்தி எடுத்து ஸ்டெயின் பண்ணி பெத்தாலஜிஸ்ட் மேடம் டேபிள்ல வெச்சுட்டா என் வேலை முடிஞ்சுது. நோயாளி மூஞ்சிய நான் பாக்குறதே இல்ல. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் உங்க ரிக்வெஸ்ட் ஃபார்ம் தான், சண்டையும் அதைப் பத்திதான்.

ஃபார்ம்ல ‘சைட்’னு ஒரு கட்டம் இருக்கு, துண்டு எந்த எடத்துல எடுத்ததுன்னு எழுத. பாதிப் பேர் அதுல ‘வாய்’னு எழுதி விட்டுடுறீங்க. வாய்ல எங்க சார்? கன்னத்து உள்பக்கமா, ஈறா, நாக்கு ஓரமா, இல்ல தொண்டைப் பக்கம் இருக்குற நாக்கோட அடிப்பாகமா, டான்சிலா? எல்லாம் ஒண்ணுதானேன்னு நெனைக்கலாம், ஆனா எச்பிவிக்கு, அதாவது உடலுறவு வழியா தொத்தி சில பேருக்கு புத்துநோய் வரை கொண்டுபோற வைரஸுக்கு, அது ஒண்ணு இல்ல. டான்சில்லயும் நாக்கு அடியிலயும் இருக்குற குட்டிக்குட்டி குழிகள்ல மேல்தோல் மெல்லிசு, வைரஸ் சுளுவா உள்ள எறங்கிடும், அதுலயும் பெரும்பாலும் 16ன்னு நம்பர் போட்ட வகைதான். அதோட இ6 புரோட்டீன் செல்லு கெட்டுப்போகாம பாத்துக்குற பி53ங்குற காவக்காரனை காலி பண்ணும், இ7 போய் செல்லு கண்டபடி பெருகாம புடிச்சு வெக்கிற ஆர்பிங்குற பிரேக்கை புடுங்கிடும். பிரேக் போனதும் செல்லுக்குள்ள பி16ங்குற இன்னொரு புரோட்டீன் எகிறும். நாங்க ஸ்டெயின் போட்டுப் பாக்குறது அதைத்தான், நூத்துக்கு எழுபது செல்லுக்கு மேல அழுத்தமா பழுப்பு ஏறியிருந்தா பாசிட்டிவ். இதே பழுப்பு கன்னத்துலயோ ஈறுலயோ தெரிஞ்சா வைரஸ் தான் காரணம்னு அடிச்சு சொல்ல முடியாது. அதுக்குத்தான் எடத்தை எழுதுங்கன்னு தலைபாடா அடிச்சுக்குறேன்.

ஸ்டேஜே மாறுது சார். அமெரிக்க புத்துநோய் ஸ்டேஜிங் கையேட்டோட எட்டாவது பதிப்பு 2018ல நடைமுறைக்கு வந்துச்சு, அதுப்படி டான்சில்ல சின்ன கட்டி, கழுத்துல அதே பக்கம் ரெண்டு மூணு நெறிகட்டி ஆறு சென்டிமீட்டருக்குள்ளன்னா பி16 பாசிட்டிவ்காரருக்கு முதல் ஸ்டேஜ், நெகட்டிவ்காரருக்கு நாலாவது. வீட்ல இருக்குறவங்களுக்கு அந்த ஒத்த நம்பர் என்னன்னு உங்களுக்குத் தெரியாததா.

ஒரே ஒரு தடவை மூஞ்சி தெரிஞ்ச ஆளோட துண்டு என் கைக்கு வந்துச்சு. எங்க பெரியப்பா. பீடி, சிகரெட், வெத்தலை பாக்கு எதுவும் தொடாத மனுசன், கழுத்துல இடது பக்கம் நெல்லிக்காய் சைஸ்ல ஒரு கட்டி, வலியே இல்ல. முதல்ல பாத்த பல் டாக்டர் கடவாய்ப்பல் சொத்தைன்னு பல்லைப் புடுங்குனாரு. அடுத்து ரெண்டு ரவுண்டு ஆன்டிபயாடிக். அப்புறம் டிபியா இருக்குமோன்னு ஒரு அலைச்சல். ஏழு மாசம். ‘கெட்ட பழக்கம் இல்லையே, பயப்படாதீங்க’ன்னு எல்லாருமே சொல்லிருக்காங்க, கடைசியா ஒருத்தர் தான் கட்டியில ஊசி குத்தி உறிஞ்சி எடுத்துப் பாத்து, டான்சில்ல பயாப்ஸி எடுத்தாரு. டப்பால பேரைப் படிச்சதும் எனக்கு கை நிக்கல, பக்கத்து சீட்டு தம்பிகிட்ட குடுத்து சீவச் சொன்னேன். ஸ்லைடு காப்பிப்பொடி கலர்ல வந்துச்சு, பி16 பாசிட்டிவ். எச்பிவியால வந்தது ரேடியேஷனுக்கு நல்லா கேக்கும்பாங்க, அவருக்கும் கேட்டுச்சு, இப்ப எச்சில் வத்திப்போய் தண்ணி பாட்டிலும் கையுமா திரியுறாரு.

கட்டியை விட அவருக்கு வலிச்சது வேற. ரிப்போர்ட் பாத்துட்டு ஒரு டாக்டர் சிரிச்சுகிட்டே ‘எங்கெல்லாம் போனீங்க’ன்னு கேட்டாராம், பெரியம்மா பக்கத்துலயே உக்காந்திருக்காங்க. அதுக்கப்புறம் வீட்ல ஒரு மாசம் பேச்சே இல்ல. உடலுறவு வாழ்க்கை உள்ள ஆளுங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு எச்பிவி ஒரு தடவையாவது வந்துட்டுப் போகும், அதிகமா போனா ரெண்டு வருஷத்துல ஒடம்பே தொரத்திடும், தங்கிடுற கொஞ்ச பேர்ல சிலருக்கு பத்து இருபது வருஷம் கழிச்சு புத்துநோயா தலைதூக்கும், யார்கிட்ட இருந்து எப்ப வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. இதை அன்னிக்கே ரெண்டு நிமிஷம் பக்குவமா சொல்லியிருந்தா போதும்.

இதைப் படிச்சுட்டு ‘பாத்தியா, வைரஸ்தானாம்’னு பாக்கு பொட்டலத்தை பிரிக்கிற ஆளும் இருப்பான், அவனுக்கும் நீங்கதான் சொல்லணும். நம்ம நாட்டு வாய்ப் புத்துநோய்ல பெரும்பங்கு இன்னிக்கும் புகையிலையும் பாக்கும் தான். புகையிலை கலக்காத வெறும் பாக்கே புத்துநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004லயே சொல்லிடுச்சு.

தடுப்பூசி விஷயம் உங்க கையில மட்டும் இல்ல, தெரியும். ஆஸ்திரேலியால 2013லயும் பிரிட்டன்ல 2019லயும் பசங்களுக்கும் ஸ்கூல்லயே போட ஆரம்பிச்சுட்டாங்க, நம்ம ஊரு போஸ்டர்ல பொம்பளப் புள்ளைங்க படம் மட்டும்தான் இருக்கு. எச்பிவி ஊசின்னா கருப்பைவாய்க்கு மட்டும்னு நெனைக்கிற அப்பா அம்மாகிட்ட டான்சில் கதையையும் ஒரு வரி சொல்லி வைங்க.

மத்தபடி நான் கேக்குறது சின்னது. நாப்பது தாண்டுன ஆளு கழுத்துல வலியில்லாத கட்டி மூணு வாரத்துக்கு மேல இருந்துச்சுன்னா, பழக்கம் இருக்கா இல்லையான்னு பாக்காம டான்சிலையும் நாக்கு அடியையும் பாருங்க, முடிஞ்சா வெரல் விட்டு தடவிப் பாருங்க. ஃபார்ம்ல எடத்தை எழுதுங்க.

போன வாரம் ஒரு ஃபார்ம் வந்துச்சு, சைட் கட்டத்துல ‘இடது டான்சில், பி16 பாக்கவும்’னு எழுதி அடியில கோடு வேற போட்டிருந்துச்சு. கையெழுத்து யாரோடதுன்னு எங்க யாருக்குமே புரியல. யாரா இருந்தாலும் ரொம்ப நன்றி டாக்டர்.

இப்படிக்கு,
ஸ்லைடு போடுறவன்